முதலில் மல்டிமீட்டர், பிறகு ஆசிலோஸ்கோப்!

 

நம்ம ஆய்வகத்துக்கு மின்கருவி வாங்கப் போறாங்களாம். "ஆசிலோஸ்கோப் வாங்கணும்" என்று நிறையப் பேர் சொல்றாங்க. எனக்கும் ஆசைதான். வீட்டு மின்சாரத்தை மல்டிமீட்டர் 230 வோல்ட் என்று ஒரே எண்ணாகக் காட்டும். ஆசிலோஸ்கோப்போ, அது நொடிக்கு 50 தடவை அலையாக ஏறி இறங்குவதைத் திரையில் படமாகவே வரைந்து காட்டும்.

ஆனாலும் என் கருத்து வேறு. ஒரு நல்ல ஆசிலோஸ்கோப் விலைக்குப் பத்து மல்டிமீட்டருக்கு மேல் வாங்கலாம். ஒரே ஒரு கருவி வந்தால் என்ன நடக்கும்? முன்னால நிக்கிற நாலு பேர் திருகுவாங்க. மத்தவங்க "ரீடிங் என்ன?" என்று கேட்டு நோட்டில் எழுதுவோம். அதிலும் பெண் பிள்ளைகளுக்குத்தான் எழுதுற வேலை. எட்டிப் பார்த்தால் கைப்பழக்கம் வருமா?

மல்டிமீட்டரை பிளக்கில் செருக வேண்டாம். டார்ச் பேட்டரியே போதும். புதுசு என்றால் 1.5 வோல்ட் காட்டும், 1 வோல்ட்டுக்குக் கீழே போனால் தீர்ந்துபோச்சு. ஒயர் உள்ளே அறுந்திருக்கா என்றும் பார்க்கலாம். அளவு தெரியாதபோது பெரிய ரேஞ்சிலிருந்து தொடங்கணும் என்ற பழக்கமும் வரும். ஆசிலோஸ்கோப்புக்கும் அதே பழக்கம்தான் வேணும்.

அடுத்த முறை ஆசிலோஸ்கோப் வாங்குவோம். அதையும் பீரோவில் பூட்டாமல், முறை வைத்து எல்லார் கையிலும் கொடுக்கணும்.

நீங்க என்ன சொல்றீங்க?

– 9ஆம் வகுப்பு மாணவி