இரண்டு அங்குலமும் ஒரு கொக்கியும்

இரவு பத்து மணிக்கு மிடில் பெர்த்தைத் தூக்கி மாட்டுவது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஸ்லீப்பர் பெட்டியில் அம்மா லோயரில் படுத்தாயிற்று. முட்டி வலிக்காரருக்கு லோயர் கிடைத்ததே அன்றைக்கு எங்களுக்குத் திருவிழா. எனக்கு மிடில். அதுவரை முதுகுச் சாய்மானமாக இருந்த பலகையைத் தூக்கி, மேலே இருந்து தொங்கும் இரண்டு சங்கிலிகளையும் மாட்டினேன். மாட்டிவிட்டதாக நினைத்தேன். காலை ஊன்றி உடம்பை மேலே ஏற்றியதும் பலகை ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கியது. எதிர் லோயரில் இருந்த பெரியவர் பாய்ந்து வந்து இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். “தம்பி, ஒரு பக்கம் விழல. ஓரத்துல சும்மா நிக்குது பாருங்க.” அம்மா கீழேயிருந்து, “இதுக்குத்தான் உன்னை நாலு வருஷம் இன்ஜினியரிங் படிக்க வச்சமா?” என்றாள். பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். தவறு என்னுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை.

2024 ஜூனில் ஒரு செய்தி வந்தபோது சிரிப்பு போய்விட்டது. எர்ணாகுளத்திலிருந்து நிஜாமுதீன் போகும் ரயிலில் லோயரில் இருந்த கேரளப் பயணி ஒருவர்மீது மேலேயிருந்த பெர்த் விழுந்தது. மருத்துவமனையில் அவர் இறந்துபோனார். ரயில்வே உடனே விளக்கம் கொடுத்தது. இருக்கையில் பழுது எதுவும் இல்லை, நிஜாமுதீனில் சோதித்துப் பார்த்துவிட்டோம், நன்றாகத்தான் இருக்கிறது. மேலே இருந்த பயணி சங்கிலியைச் சரியாக மாட்டவில்லை, அதனால் விழுந்தது.

அந்த விளக்கம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே நம்புகிறேன். நம்பும்போதுதான் பயமாக இருக்கிறது. பழுதே இல்லாத ஒரு இருக்கை, யாரோ ஒருவர் தூக்கக் கலக்கத்தில் ஒரு கொக்கியை அரை அங்குலம் தள்ளி மாட்டியதால் இன்னொருவரைக் கொன்றுவிடும் என்றால், அந்த இருக்கை எந்த அர்த்தத்தில் நன்றாக இருக்கிறது?

என் தொழிலில் இந்த விளக்கத்துக்கு ஒரு செல்லப் பெயர் உண்டு. யூசர் எரர். ஒரு பக் வந்தால் அதை மூடுவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. பயனர் தவறாக அழுத்திவிட்டார், சிஸ்டம் எதிர்பார்த்தபடியே நடந்துகொண்டது, டிக்கெட் க்ளோஸ்டு. நானும் இப்படி மூடியிருக்கிறேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே தவறை ஆயிரம் பேர் செய்யக்கூடுமென்றால், தவறு அந்த ஆயிரம் பேரிடம் இல்லை என்பது எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்தவருக்கும் தெரியும். சமையலறைக்கே வாருங்கள். கேஸ் ரெகுலேட்டர் சரியாக உட்கார்ந்தால் ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும், கைக்குத் தெரியும். குக்கரில் வெயிட் அடைத்துக்கொண்டால் சேஃப்டி வால்வு முந்திக்கொள்ளும். நம் வீட்டுப் பாத்திரங்களுக்கே மனிதர்கள் அசந்துபோவார்கள் என்று தெரிந்திருக்கிறது. மிடில் பெர்த் கொக்கி மட்டும், மாட்டியதா இல்லையா என்று எந்தச் சத்தமும் போடாது. அது மாட்டுப்பட்டதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, அதில் ஏறிப் படுத்துப் பார்ப்பது.

சரி, இந்தப் பெட்டிகளின் உட்புறத்தை யாரும் புதுப்பிக்கவே இல்லையா? புதுப்பித்தார்கள். அங்கேதான் என் சண்டை.

2017இல் ராஜதானி, சதாப்தி ரயில்களுக்கு ‘ஸ்வர்ண்’ திட்டம் வந்தது. 2018 அக்டோபரில் மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் ஓடும் ஐசிஎஃப் வகைப் பெட்டிகளுக்கு ‘உத்கிருஷ்ட்’ வந்தது. அந்தச் சொல்லுக்கு உன்னதம் என்று பொருள். 640 ரேக்குகள், ஒரு ரேக்குக்கு 60 லட்சம் ரூபாய் என்பது கணக்கு. எல்.இ.டி. விளக்கு, புதிய பெயின்ட், கழிப்பறை மேம்பாடு, பார்வையற்றோருக்கு பிரெய்ல் எண்கள். பிரெய்ல் எண்களை நான் குறை சொல்லமாட்டேன். அது அரை நூற்றாண்டு தாமதமாக வந்த நல்ல காரியம். ஆனால் 60 லட்சத்தைக் கொஞ்சம் வகுத்துப் பாருங்கள். ஒரு ரேக்குக்கு 24 பெட்டி என்று வைத்தால் பெட்டிக்கு இரண்டரை லட்சம். ஸ்லீப்பர் பெட்டியில் 72 பெர்த். ஆக, ஒரு பெர்த்துக்கு ஏறக்குறைய 3,500 ரூபாய். பெயின்ட், விளக்கு, கழிப்பறை எல்லாம் இதற்குள்தான். உன்னதத்தின் விலை, நடுத்தர ரகச் செருப்பு ஒரு ஜோடி.

பணம் குறைவு என்பதுகூட என் புகார் இல்லை. அந்தக் குறைந்த பணம் முதலில் எங்கே போகிறது என்பதுதான். பெட்டியின் வெளிநிறத்துக்குப் போகிறது. செங்கல் சிவப்பில் ஓடிய பெட்டிகள் நீலமாயின. உத்கிருஷ்ட் வந்தபோது நீலமும் போயிற்று. மாப்பிள்ளை அழைப்புக்கு முதல் நாள் வீட்டு முன்பக்கம் மட்டும் சுண்ணாம்பு அடிப்பதை ஊரில் பார்த்திருப்பீர்கள். பிளாட்பாரத்தில் நின்று பார்ப்பவருக்கு, கொடி அசைப்பவருக்கு, செல்போனை உயர்த்திப் பிடிப்பவருக்குத் தெரிவது எதுவோ அது முதலில். விலாவுக்கும் முட்டிக்கும் தெரிவது கடைசியில், அல்லது இல்லவே இல்லை. அப்பர் பெர்த்துக்கு ஏறும் அந்த ஒல்லிக் கம்பி ஏணியைப் பாருங்கள். பாதத்தின் பாதிகூடப் பதியாது. அதை ஏறி இறங்கிய ஒருவர் வடிவமைத்திருக்க முடியாது. வடிவமைத்த ஒருவர், தன் அம்மாவை அதில் ஏறச் சொல்லியிருக்கவும் முடியாது.

ரயிலின் உட்புறத்தை உடம்பின் பக்கமிருந்து யோசித்த ஒருவர் இந்த நாட்டில் இருந்தார் என்பதால்தான் இவ்வளவு கோபம். மூன்றாம் வகுப்பு 1974இல் ஒழிக்கப்பட்டது. ஒழிக்கப்பட்டது என்றால், பெயர் இரண்டாம் வகுப்பு என்று மாறியது. பலகை அதே மரப்பலகைதான். அதில் படுத்து ஒரு ராத்திரி போனவர்கள் உங்கள் வீட்டில் இன்னும் இருப்பார்கள், கேட்டுப்பாருங்கள்; சால்வையை நாலாக மடித்து இடுப்புக்குக் கீழே வைத்துக்கொள்ளும் வித்தையைச் சொல்வார்கள். 1977இல் ஜனதா ஆட்சியில் மது தண்டவதே ரயில்வே அமைச்சரானார். பம்பாயில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர், சோஷலிஸ்ட். அவர் செய்தது, அந்த மரப்பலகைமேல் இரண்டு அங்குல ஃபோம் போட்டது.

இரண்டு அங்குலம். அவ்வளவுதான். இந்திய ரயிலின் உட்புறத்தில் நடந்த மிகப் பெரிய புரட்சி அது என்று நான் சத்தியம் செய்வேன். தனியாக ஒரு சொகுசு ரயில் விட்டு அதில் மட்டும் ஃபோம் போடலாம் என்று அவர் நினைக்கவில்லை. முதல் வகுப்பைக் கீழே இறக்குவதைவிட இரண்டாம் வகுப்பை மேலே ஏற்றவேண்டும் என்று நினைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் இடையே வகுப்புப் பிரிவே இல்லாமல் கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. இன்றைக்கு நீங்கள் ஸ்லீப்பரில் படுக்கும்போது முதுகுக்குக் கீழே இருப்பது அந்த முடிவுதான். அதைப் போட்டோ எடுத்தால் ஒன்றும் தெரியாது. பச்சையோ நீலமோ ஒரு ரெக்சின், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான ஒரு புதுப்பிப்பும் நடந்தது. லாலு பிரசாத் யாதவ் காலத்தில், இருக்கிற பெட்டியில் சைடு லோயருக்கும் சைடு அப்பருக்கும் நடுவே இன்னொரு பலகையைச் செருகினார்கள். சைடு மிடில். 72 பெர்த் 81 ஆனது. டிக்கெட் கவுண்டரிலிருந்து பார்த்தால் அபாரமான யோசனை. அந்த இடுக்கில் படுத்தவர்களுக்கு, கருவாட்டு மூட்டைக்கும் தமக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியவில்லை. புகார்கள் குவிந்து, மம்தா பானர்ஜி அமைச்சராக வந்த பிறகு அதைப் பிடுங்கினார்கள். போட்டதற்கும் காசு, எடுத்ததற்கும் காசு.

நடுவில் நல்லதே நடக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். பயோ டாய்லெட். 2019க்குள் பயணிகள் பெட்டிகள் அனைத்திலும் பொருத்தி முடித்தார்கள். அதற்கு முன்பு தண்டவாளத்தில் நேராக விழுந்ததை யார் அள்ளினார்கள், அவர்கள் எந்தச் சாதியினர் என்பது நமக்கு நன்றாகவே தெரியும். தெரியாததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். பெட்டிக்கு அடியில் ஒரு தொட்டி. யாரும் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கமாட்டார்கள். இரண்டு அங்குல ஃபோமுக்குப் பிறகு நடந்த உருப்படியான காரியம் என்று இதைத்தான் சொல்வேன். ஆனால் அதே கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கைப்படி, கழிப்பறையிலும் வாஷ்பேசினிலும் தண்ணீர் இல்லை என்று 2022-23இல் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்கள்.

அந்த்யோதயாவையும் சொல்லவேண்டும். 2017இல் ஓடத் தொடங்கிய, முழுக்க முன்பதிவில்லாத பெட்டிகள் கொண்ட ரயில். நம் பக்கம் தாம்பரத்திலிருந்து நாகர்கோவில் போகிறது. அதில் சாமான் வைக்கும் ரேக்குக்கு மெத்தை போட்டார்கள். சாமானுக்கு மெத்தை எதற்கு? அங்கே ஆள்தான் ஏறிப் படுக்கும் என்று யாரோ ஒரு அதிகாரி மனசறிந்து ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் யாரென்று தெரிந்தால் ஒரு டீ வாங்கித்தருவேன்.

இதையெல்லாம் நண்பர்களிடம் பேசினால் உடனே வரும் பதில் ஒன்று: “நம்ம ஜனங்களுக்கு நல்லது குடுத்தா வச்சிக்கத் தெரியாதுடா.” 2017இல் மும்பை–கோவா தேஜஸ் ரயிலின் முதல் ஓட்டத்திலேயே ஹெட்போன்கள் காணாமல்போன கதையை எடுத்து வீசுவார்கள். நடந்ததுதான். ஆனால் கவனியுங்கள், அந்த ரயிலில் டிக்கெட் எடுக்க வசதியுள்ளவர்கள் செய்த திருட்டுக்குத் தண்டனையாக, ஜெனரல் பெட்டியில் நிற்பவருக்கு நல்ல இருக்கை மறுக்கப்படுகிறது. திருட்டைப் பற்றி ரயில்வேக்குக் கவலை இல்லை என்றும் சொல்லமுடியாது. கழிப்பறை மக்கைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தச் சங்கிலி எத்தனை கைகள் இழுத்தாலும் கழன்று வராது. ஒரு டம்ளர் அளவு பாத்திரம் போய்விடக்கூடாது என்பதற்காகப் போட்ட அந்தப் புத்தியை, ஒரு மனிதரின் தலைக்கு மேலே தொங்கும் பலகையின் சங்கிலிக்கும் போட்டிருக்கலாம்.

இன்னொரு பதில் கொஞ்சம் புத்திசாலித்தனமானது. ஐசிஎஃப் பெட்டிகள் எப்படியும் போகப்போகின்றன, செத்துக்கொண்டிருப்பதற்கு எதற்கு வைத்தியம்? சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவன வடிவமைப்பில், பெரம்பூர் தொழிற்சாலையில் 1955இலிருந்து செய்த பெட்டிகள் அவை. அந்த வகையில் கடைசிப் பெட்டி அங்கிருந்து வெளியே வந்தது 2018 ஜனவரியில். ஆயுள் 25 ஆண்டு என்று விதி. அதாவது 2018இல் பிறந்த பெட்டிக்கு விதிப்படி 2043 வரை காலம் இருக்கிறது. முன்பே எடுத்துவிடுவார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பதிலாக வரும் எல்எச்பி ஸ்லீப்பரில் 80 பெர்த். அதிலும் மிடில் பெர்த் உண்டு. பத்து மணிக்குத் தூக்கி மாட்டவேண்டும். முதல் எல்எச்பி பெட்டிகள் ஜெர்மனியிலிருந்து வந்தும் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றைய புதுப் பெட்டிதான் நாளைய பழைய பெட்டி. சங்கிலிப் பிரச்சினையை ஐசிஎஃப்போடு சேர்த்துப் புதைக்கமுடியாது.

ஓய்வுபெற்ற ஐசிஎஃப் பெட்டிகள் என்ன ஆகின்றன என்று தெரியுமா? பலவற்றை கார் ஏற்றும் வேகன்களாக மாற்றுகிறார்கள். உள்ளே இருக்கைகளைப் பிடுங்கி, ஜன்னல்களை அடைத்து, பின்பக்கம் கதவு வைத்து, புத்தம்புதுக் கார்களை வரிசையாக ஏற்றி, அசையாமல் இறுக்கிக் கட்டி அனுப்புவார்கள். அந்தக் கட்டு அவிழ்ந்து ஒரு கார் சேதமானால், காரின் தவறு என்று யாரும் அறிக்கை விடமாட்டார்கள்.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. மெயில், எக்ஸ்பிரஸ் பெட்டி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 18 மாதத்துக்கு ஒருமுறை பெரிய பராமரிப்புக்காகப் பட்டறைக்குப் போகிறது. நம் ஊரில் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பொன்மலை. பெட்டியை போகியிலிருந்து தூக்கி, கழற்றி, பார்த்து, மாட்டி அனுப்புகிறார்கள். அதாவது, புதிய கொக்கி ஒன்றை இன்று முடிவு செய்தால், தனித் திட்டமோ தனிப் பெயரோ திறப்பு விழாவோ இல்லாமல், வழக்கமான பராமரிப்பிலேயே இரண்டு வருடத்துக்குள் நாடு முழுக்க மாற்றிவிடலாம். சரியாக விழுந்தால் ‘டக்’கென்று சத்தம் போடும் கொக்கி. விழாவிட்டால் சிவப்பாகத் தெரியும் ஒரு பட்டை. ஏணிக்கு அகலமான, சொரசொரப்பான படி. சைடு லோயரில் இரண்டு இருக்கை சேரும் இடத்தில் இடுப்பை வெட்டும் அந்த இடைவெளிக்கு மேல் ஒரு தனி மெத்தை. இந்தக் கடைசி விஷயத்தை 2020 டிசம்பரில் அன்றைய ரயில்வே அமைச்சரே வீடியோவாகப் போட்டுப் பெருமைப்பட்டார். பெருமைப்படவேண்டிய யோசனைதான். அதற்குப் பிறகு நான் போன எத்தனையோ ராத்திரிகளில் அந்த மெத்தையை வீடியோவில் பார்த்ததோடு சரி.

அம்மா இப்போதும் லோயர்தான் கேட்கிறாள். ஸ்லீப்பர் பெட்டி ஒன்றில் முதியவர்களுக்கும் 45 வயது தாண்டிய பெண்களுக்கும் ஒதுக்குவது ஆறோ ஏழோ லோயர். கிடைக்காத நாளில் யாரிடமாவது கெஞ்சி மாற்றிக்கொள்கிறோம். மிடிலில் நான்தான். மாட்டிய பிறகு இரண்டு சங்கிலியையும் பிடித்துத் தொங்கிப் பார்க்கிறேன், முழு எடையும் விழும்படி. எதிரில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். போன முறை ஒரு காலேஜ் பையன், “அண்ணா, அதெல்லாம் ஸ்ட்ராங்காதான் இருக்கும்” என்றான். எழுந்து அவன் சங்கிலியையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுத்தேன்.