வினாத்தாளுக்குள் அடைபட்டுள்ள சிறுவர் விஞ்ஞானம்

எமது நாட்டில் கல்விச் சீர்திருத்தம் பற்றிப் பேசப்படும் ஒவ்வொரு தடவையும் உயர்தர விஞ்ஞானப் பிரிவு, பல்கலைக்கழக அனுமதி, தகவல் தொழில்நுட்பம் என்பனவே முன்னிலைக்கு வருகின்றன. ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரையான பிள்ளைகள் மண்ணையும் மழையையும் உயிரினங்களையும் எவ்வாறு அறிந்துகொள்கின்றனர் என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. 2025 ஆம் ஆண்டில் அரசாங்கம் அறிவித்த கல்விச் சீர்திருத்தங்கள் குறித்து எழுந்த வாதப் பிரதிவாதங்களிலும் இவ்வினாவுக்குப் போதிய இடம் கிடைக்கவில்லை. ஆனால் இது உயிர்களோடு தொடர்புடைய வினா என்பதை எமது அண்மைக்கால அனுபவங்கள் உணர்த்தி நிற்கின்றன.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி சுமாத்ராவுக்கு அப்பால் கடலடியில் நிகழ்ந்த பூமியதிர்ச்சியினால் எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையில் மாத்திரம் முப்பதாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் காவுகொண்டது. அதே தினத்தில் தாய்லாந்தின் புக்கெட் தீவிலுள்ள மய் காவோ கடற்கரையில், பத்து வயதுடைய ஆங்கிலேயச் சிறுமியான டில்லி ஸ்மித், கடல் வழமைக்கு மாறாக நுரைத்துப் பொங்குவதைக் கண்டு ஆபத்தை உணர்ந்து தன் பெற்றோரை எச்சரித்தாள். ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்னர் புவியியல் வகுப்பில் கற்றது அவளது நினைவுக்கு வந்திருந்தது. அவளது எச்சரிக்கையினால் சுமார் நூறு பேர் உயிர் தப்பினர்.

இச்சம்பவத்திலிருந்து நாம் பெறவேண்டிய பாடம், 'கடல் உள்வாங்கினால் ஆழிப்பேரலை வரும்' என்ற வாக்கியத்தைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்விப்பதன்று. பூமியதிர்ச்சியின்போது கடலடித்தளம் ஒரு பக்கத்தில் உயர்ந்து மறுபக்கத்தில் தாழ்ந்தது. தாழ்ந்த பக்கத்தை நோக்கியிருந்த தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் பின்வாங்கியது. உயர்ந்த பக்கத்தை நோக்கியிருந்த எமது கிழக்குக் கரையிலோ பொதுவாக அலையே முதலில் வந்தது. வாக்கியத்தை மட்டும் மனனம் செய்த பிள்ளை கடல் உள்வாங்கும் வரை காத்திருந்திருக்கும். கடல் ஏன் அவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதை விளங்கிக்கொண்ட பிள்ளையோ எந்த வழமைக்கு மாறான அறிகுறியைக் கண்டாலும் மேட்டு நிலத்தை நாடி ஓடியிருக்கும். மனனத்துக்கும் விளக்கத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு இத்தகையது.

மலையகத்தின் நிலையும் இவ்வாறானதே. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் லயன் குடியிருப்புகள் மண்ணுக்குள் புதையுண்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலையக மாவட்டங்கள் பலவற்றில் ஏற்பட்ட மண்சரிவுகளும் பெரும் உயிரிழப்புகளை ஏற்படுத்தின. நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள் தோன்றுதல், மரங்களும் கம்பங்களும் சாய்தல், இல்லாத இடத்தில் நீரூற்றுக் கிளம்புதல், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் ஆகியன மண்சரிவின் முன்னறிகுறிகளாகும். நீர் ஊறிய மண் ஏன் பாரமாகி வழுக்குகின்றது என்பதை ஒரு தட்டு மண்ணையும் ஒரு குவளை நீரையும் கொண்டு எட்டு வயதுப் பிள்ளைக்குக் காட்டிவிடலாம்.

2017 ஆம் ஆண்டில் ஓர் இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்குக் காய்ச்சலுக்கு உள்ளாகினர். நுளம்பின் முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி என்ற நான்கு பருவங்களையும் வரிசைப்படுத்தும்படி கேட்டால் எமது மாணவர்கள் பிழையின்றி எழுதிவிடுவர். ஆனால் டெங்கு நுளம்பு தனது முட்டைகளைப் பாத்திரத்தின் உட்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டவைக்கின்றது என்பதையும், அவை உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியவை என்பதையும், எனவே நீரை ஊற்றிவிடுவது மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும் என்பதையும் எத்தனை பேர் அறிவர்? அறிவு வினாத்தாளில் தங்கிவிட்டது. வீட்டு முற்றத்தை அது சென்றடையவில்லை.

இதற்குப் பாடத்திட்டத்தை மட்டும் குறை கூறுவது பொருத்தமற்றது. 1997 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தங்களைத் தொடர்ந்து ஆரம்பக் கல்வி மூன்று முதன்மை நிலைகளாக வகுக்கப்பட்டது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை ஆகிய மூன்றினூடாகவும் பிள்ளை கற்கவேண்டும் என்பதே அதன் அடிப்படையாகும். 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்ற பாடத்தின் பெயரே அதன் நோக்கத்தைக் கூறிவிடுகின்றது. பிள்ளை சுற்றாடலுக்குள் சென்று பார்க்கவேண்டும், தொடவேண்டும், ஒப்பிடவேண்டும், வினவவேண்டும் என்றே அது கருதப்பட்டது.

எனினும் தரம் மூன்றைத் தாண்டியதும் நிலைமை தலைகீழாகி விடுகின்றது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் வகுப்பறை மீது விழுகின்றது. வருடந்தோறும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் தோற்றும் இப்பரீட்சையில் ஒரு சிறு பகுதியினரே வெட்டுப்புள்ளியைத் தாண்டுகின்றனர். அந்தச் சிறு பகுதிக்குள் நுழைவதற்காக ஏனைய அனைவரும் தமது மாலைப் பொழுதுகளைத் தனியார் வகுப்புகளிலும் மாதிரி வினாத்தாள்களிலும் தொலைத்துவிடுகின்றனர். செயற்பாடு என்பது செயற்பாட்டைப் பற்றிய வினாவாகச் சுருங்கிவிடுகின்றது. பயறு முளைப்பதைப் பார்க்காமலேயே அது முளைப்பதற்குத் தேவையான காரணிகளை ஒப்புவிக்கும் தலைமுறையொன்றை நாம் உருவாக்கிக் கொண்டிருக்கின்றோம்.

விஞ்ஞானத்தைக் கற்பிப்பதற்குப் பெரும் செலவு ஏற்படும் என்பதும் ஏற்கக்கூடியதொன்றல்ல. வருடத்தில் இரு தடவைகள், ஏப்ரல் முற்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதி முதல் செப்டெம்பர் முதல் வாரம் வரையும், சூரியன் இலங்கைக்கு நேர் மேலாக உச்சம் கொடுக்கின்றது. யாழ்ப்பாணத்தில் இது சித்திரைப் புத்தாண்டை அண்டி நிகழ்கின்றது. அன்று நண்பகல் 12 மணி 10 நிமிடமளவில், நிமிர்த்தி நட்ட தடியொன்றின் நிழல் அதன் அடியிலேயே மறைந்துவிடும். பாடசாலை முற்றத்தில் தடியொன்றை நட்டு, வாரத்துக்கு ஒரு தடவை நண்பகல் நிழலை அளந்து குறிக்கும் வகுப்பு, பூமியின் இயக்கத்தையும் பருவ மாற்றத்தையும் அளவீட்டையும் ஒருங்கே கற்றுக்கொள்கின்றது. இதற்குத் தேவைப்படுவது ஒரு தடியும் ஓர் அடிமட்டமும் மாத்திரமே.

குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையும் நிலாவரைக் கிணறும், மட்டக்களப்பின் வாவி, வன்னியின் குளங்கள், மலையகத்தின் சரிவுகள் ஆகிய யாவும் கட்டணமற்ற ஆய்வுகூடங்களாகும். நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதன் காரணத்தை விளங்கிக்கொண்ட யாழ்ப்பாணப் பிள்ளை, அளவுக்கு மீறி நீரிறைத்தால் தன் வீட்டுக் கிணறும் உவராகக்கூடும் என்பதை எவரும் கூறாமலேயே உணர்ந்துகொள்ளும்.

ஆசிரியர்கள் மீது மட்டும் பழி சுமத்துவதும் நியாயமாகாது. ஆரம்ப வகுப்புகளில் ஒரே ஆசிரியரே பெரும்பாலான பாடங்களைக் கற்பிக்கின்றார். தமது பாடசாலைக் காலத்தில் விஞ்ஞானத்தை மனனமாகவே கற்ற ஒருவரிடம், பயிற்சியும் ஊக்கமுமின்றி ஆய்வு மனப்பாங்கை எதிர்பார்க்க முடியாது. வகுப்பை முற்றத்துக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியரைப் பார்த்து 'படிப்பிக்காமல் விளையாட விடுகின்றார்' என்று முறையிடும் பெற்றோரும் இருக்கவே செய்கின்றனர்.

புலமைப்பரிசில் பரீட்சையை நீக்கிவிட வேண்டும் என்ற குரல் நீண்டகாலமாக ஒலித்து வருகின்றது. ஆனால் தோட்டப்புறங்களிலும் போரினால் பாதிக்கப்பட்ட கிராமங்களிலும் உள்ள வறிய பிள்ளைகளுக்கு, வசதியுள்ள பாடசாலையொன்றின் கதவைத் திறக்கும் ஒரே சாவி இப்பரீட்சையே என்ற வாதத்தையும் இலகுவில் ஒதுக்கிவிட முடியாது. பாடசாலைகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு நீங்கும் வரை பரீட்சையின் மீதான மோகமும் நீங்கப்போவதில்லை.

ஆகவே உடனடியாகச் செய்யக்கூடியது வினாக்களின் இயல்பை மாற்றுவதேயாகும் என்பது எமது நிலைப்பாடு. பல வாரங்களில் அளந்த நிழலின் நீளங்களை அட்டவணையாகத் தந்து, அடுத்த வாரம் என்ன நிகழும், ஏன் என்று கேட்கும் ஒரு வினா, நூறு சுற்றறிக்கைகள் செய்ய முடியாததைச் செய்யும். நிழலை அளந்தறியாத பிள்ளையால் அதற்கு எளிதில் விடையளிக்க முடியாது என்ற நிலை உருவானால், தனியார் வகுப்பு நடத்துபவர்களும் தடியுடன் முற்றத்துக்கு வந்தே தீரவேண்டும். அத்துடன், வாரத்தில் ஒரு பாடவேளையேனும் வகுப்பறைக்கு வெளியே அமைய வேண்டும். தேசிய கல்வியியற் கல்லூரிகளின் பயிற்சியிலும் சேவைக்காலப் பயிற்சிகளிலும் எளிய பரிசோதனைகளுக்கு உரிய இடம் வழங்கப்பட வேண்டும். ஆசிரிய ஆலோசகர்கள் பதிவேடுகளைப் பரிசீலிப்பதுடன் நின்றுவிடாது, பிள்ளைகள் என்ன வினவுகின்றனர் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பரீட்சையை மாற்றாமல் பாடத்திட்டத்தை மட்டும் மீண்டும் மீண்டும் மாற்றுவதனால் பயன் விளையாது என்பதை 1997 இன் பின்னரான அனுபவம் தெளிவாகக் காட்டியுள்ளது. அடுத்த மழைக்காலமோ அடுத்த பேரலையோ எமது சீர்திருத்தங்கள் நிறைவுறும் வரை காத்திருக்கப்போவதில்லை. கல்வி அமைச்சும் தேசிய கல்வி நிறுவகமும் பரீட்சைத் திணைக்களமும் இதனை உணர்ந்து, ஒருமித்துச் செயற்பட முன்வர வேண்டும்.