சொல்லிசை தமிழைக் கெடுத்ததா? கேட்கிறேன்!



‘ராப் பாட்டு நம் பிள்ளைகளின் தமிழைக் கெடுத்துவிட்டது’ என்ற குற்றச்சாட்டைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் இன்றும் கேட்கிறேன். ஒரு காலத்தில் நானும் அப்படிப் பேசியவன்தான். இன்று மறுக்கிறேன், சினத்தோடு மறுக்கிறேன்!

2007ஆம் ஆண்டில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனிடமிருந்து ஓர் இசைவட்டைப் பறிமுதல் செய்தேன். யோகி பியும் நட்சத்திரா குழுவினரும் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’. அதில் ஒரு பாடலின் பெயர் ‘கவிதை குண்டர்’. நம் நாட்டில் குண்டர் என்றால் என்ன நினைப்போம்? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்து, இளைஞர் சிலர் கும்பல்களில் சிக்கிக்கொண்ட காலத்தைக் கண்டவர்கள் நாம். பெற்றோரின் அச்சம் பொய்யன்று. ஆனால் நான் பாட்டைக் கேட்காமலே தீர்ப்புக் கூறினேன். அந்தப் பையன் வகுப்பில் வாய் திறக்காதவன். செய்யுள் ஒப்புவிக்கச் சொன்னால் தலைகவிழ்ந்து நிற்பவன். ‘மடை திறந்து’ பாட்டை மட்டும் மூச்சு வாங்காமல் சொல்வான் என்று மற்ற பிள்ளைகள் கூறினார்கள். அதையும் குற்றப்பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்!

ஆண்டிறுதி விடுமுறையில்தான் அந்த வட்டைப் போட்டுக் கேட்டேன். 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்திற்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்த பாட்டை அடித்தளமாக்கி, அதன்மேல் தங்கள் சொற்களை அடுக்கியிருந்தார்கள். ஆங்கிலச் சொல்லிசை பெரும்பாலும் அடியின் இறுதியில் ஒலி ஒப்புமையைத் தேடும். நாம் இயைபு என்கிறோமே, அதுதான். தமிழுக்கோ அடியின் தொடக்கத்திலேயே எதுகையும் மோனையும் உண்டு. தலையிலும் வாலிலும் ஒலி பொருந்தி, தாளம் தவறாமல் சொல் விழவேண்டும். இதை நான் கரும்பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தேன். அவனோ நாக்கிலேயே வைத்திருந்தான்.

அதன்பின் தேடித்தேடிக் கேட்டேன். யோகி பி இடம்பெற்ற பொயட்டிக் அம்மோ குழுவின் ‘இட்ஸ் எ நைஸ் டே டு பி அலைவ்’ (1998) என் விருப்பத் தொகுப்புகளில் ஒன்று. ஆங்கிலம், மலாய், தமிழ், கான்டனீஸ் என நான்கு மொழிகளும் ஒரே தொகுப்பில்! நம் தெருவில் கேட்கும் மொழிகள்தாமே? எனினும் ‘வல்லவன்’ எனக்கு ஒரு படி மேல். அதில் தமிழ் விருந்தாளியாக வரவில்லை, வீட்டுக்காரனாக அமர்ந்திருக்கிறது.

இக்கலையின் பிறப்பையும் சற்று எண்ணிப் பாருங்கள். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், டி.ஜே. கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றிய விருந்தையே இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். அவ்விருந்தை நடத்தியவர் அவருடைய தங்கை சிண்டி. எதற்காக? பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் திரட்ட! நம் தாய்மார்கள் சீட்டுக்கட்டிப் பள்ளிச்சீருடை வாங்கியது நினைவுக்கு வரவில்லையா?

‘ஆங்கிலக் கலப்பு இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது. எனக்கும் அது உவப்பன்று. மதுவையும் அடிதடியையும் புகழும் பாட்டுகள் பின்னாளில் வந்தன. அவற்றுக்கு நான் வாதாட வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். பரிசளிப்பு விழா மேடையில் ஏழு வயதுப் பெண்பிள்ளைகளைத் திரைப்படக் குத்துப்பாட்டுக்கு இடுப்பசைக்க வைத்து, முன்வரிசையில் அமர்ந்து கைதட்டுகிறோமே, அப்போது தமிழ் கெடவில்லையா? பண்பாடு எங்கே போயிருந்தது? சொந்தமாக நான்கு அடி எழுதிச் சொல்ல வரும் பையனுக்கு மட்டும் ஏன் கதவடைப்பு?

அந்தப் பையனைச் சென்ற ஆண்டு தாப்பா பட்டணத்தில் கண்டேன். கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றும் லாரி ஓட்டுகிறான். வட்டைத் திருப்பித் தருவதாகச் சொன்னேன். “வச்சுக்குங்க சார், இப்ப எல்லாம் போன்லயே இருக்கு” என்று சிரித்தான். இப்போதும் எழுதுகிறாயா என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த பரிசளிப்பு விழாவில் மூன்று நிமிடம் ஒதுக்குங்கள். பிள்ளைகள் எழுதட்டும், நான் திருத்தித் தருகிறேன். தகாத சொல் ஒன்று வந்தாலும் என்னைக் கேளுங்கள்.