மூச்சை அடக்குவதா வீரம்?

நம் ஜவ்வாது மலைச் சரிவில் தலைச்சுமையோடு ஏறும் தாய்மார்களை நாம் அறிவோம். அவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு விரைவதில்லை. அடிக்கு அடி சீராக மூச்சு வாங்கியே மேட்டைக் கடக்கிறார்கள். நீச்சலிலும் இதுவே முறை என்பது நம் கருத்து.

நீச்சல்களில் கடினமானது வண்ணத்துப்பூச்சி நீச்சல். 25 வயதைக் கடந்தோர்க்கும் 'மாஸ்டர்ஸ்' என்ற பெயரில் இதில் போட்டிகள் உண்டு. தலையைத் தூக்கினால் வேகம் குறையும் என்றெண்ணி மூச்சை அடக்குவோர் பலர். 50 மீட்டரில் அது ஓரளவு பலிக்கலாம். 200 மீட்டரிலோ கைகள் ஓய்ந்து, இடுப்பு தாழ்ந்துவிடும்.

கைகள் நீரைப் பின்னுக்குத் தள்ளி முடிக்கையில், மோவாய் நீரை ஒட்டியிருக்க மூச்சை இழுக்க வேண்டும். கைகள் மீண்டும் நீரில் விழுமுன் முகம் உள்ளே இறங்கிவிட வேண்டும். அங்கே மூச்சை வெளியே விட வேண்டும். வீச்சுக்கு ஒரு மூச்சா, இரண்டு வீச்சுக்கு ஒன்றா என்பதைத் தூரத்தையும் உடல்நிலையையும் பார்த்து முடிவு செய்து, முதல் வீச்சிலிருந்தே கடைப்பிடிப்பது நலம்.

நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ், காயத்திலிருந்து மீண்டு, 2021இல் ரோம் நகரில் 200 மீட்டரை 1 நிமிடம் 56.38 விநாடியில் நீந்தினார்; ஒலிம்பிக் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்தியர் அவரே. அப்போது அவருக்கு வயது 27. பொறுமைக்குப் பலன் உண்டன்றோ?

நீருக்கடியில் மூச்சடக்கும் பந்தயம் மட்டும் நமக்கு வேண்டவே வேண்டாம். முன்னறிவிப்பின்றி மயக்கம் வந்து உயிரைப் பறித்துவிடும். பெற்றோரே, பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கும்போது மூச்சு விடுவதையே முதற்பாடமாக்குங்கள். நீங்களும் உடன் கற்றுக்கொள்ளுங்கள்.