நூற்று எண்பத்திரண்டு நாட்களும் நாற்பது ஆண்டுகளும்

சென்ற ஆண்டு ஒரு பிற்பகலில், இளங்கலைத் தமிழ் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி எங்கள் துறை அறை வாசலில் வந்து நின்றாள். கைப்பேசியில் ஓர் உதவித்தொகை விண்ணப்பம் திறந்திருந்தது. "ஐயா, இதுக்கு மேல போக மாட்டேங்குது" என்றாள். வாங்கிப் பார்த்தேன். பெயர், பிறந்த நாள், பன்னிரண்டு இலக்க ஆதார் எண் எல்லாம் பிழையின்றி நிரப்பப்பட்டிருந்தன. அடுத்த கட்டம் நாட்டுரிமை. 'இந்தியர்', 'மற்றவர்' என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். முதலாவதைத் தொட்டால் அது பொய் உறுதிமொழியாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டாவதைத் தொட்டால் கடவுச்சீட்டு எண்ணும் விசா முடியும் நாளும் கேட்கப்படுகின்றன. அவளிடம் இரண்டும் இல்லை. அவள் பிறந்தது தமிழ்நாட்டில், ஓர் அகதி முகாமில். 1990-இல் மன்னாரிலிருந்து படகில் வந்தபோது அவள் தந்தைக்கு எட்டு வயது.

அதே மாதத்தில் மாமல்லபுரத்துக்குப் போயிருந்தேன். அங்கே கல்தச்சர் ஒருவரின் பட்டறையில் சிற்பம் பழகவந்த பிரெஞ்சு நண்பர் ஒருவர் இருக்கிறார். தமக்கும் ஆதார் கிடைத்துவிட்டதென்று சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். அவர் நடந்த வழி நேரானது. நூற்று எண்பது நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வருகிறவர் வந்த பதினான்கு நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இப்போது அதை இணையத்திலேயே செய்யலாம். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 182 நாட்கள் இந்தியாவில் தங்கியிருந்தால், ஆதார் சட்டத்தின் கணக்கில் அவர் இந்நாட்டில் 'வசிப்பவர்' ஆகிறார். பிறகு கைரேகை, கருவிழி, புகைப்படம் கொடுத்தால் எண் வருகிறது. விசா முடியும் நாளில் அந்த எண்ணின் செல்லுபடியும் முடியும். அவருக்கு அதில் குறையொன்றுமில்லை. என் மாணவியின் விண்ணப்பத்தை அவரிடம் கொடுத்திருந்தால், 'மற்றவர்' என்பதைத் தொட்டு இரண்டு நிமிடத்தில் நிரப்பித் தந்திருப்பார்.

இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகுதான் ஒன்று எனக்குத் தெளிவானது. நம் படிவங்கள் அந்நியரை அறியும். வேறொரு நாடு தன்னுடையவர் என்று சொல்லி அனுப்பியவரை அவை எளிதாக ஏற்கும். எந்த நாடும் அப்படிச் சொல்லாத ஒருவரை, அவர் இங்கேயே பிறந்திருந்தாலும், எழுத அவற்றில் இடமில்லை.

ஆதாரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அந்தரங்க உரிமை பற்றிய அச்சங்களை நானும் பகிர்கிறேன். 2018-இல் உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தை ஏற்றபோதும் சில வரம்புகளை விதித்தது. ஆயினும் அந்த எண்ணின் அமைப்பில் ஒரு நேர்மை உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். 2010 செப்டம்பரில் மகாராட்டிரத்தின் ஒரு பழங்குடிச் சிற்றூரில் முதல் எண் வழங்கப்பட்டது முதல், அந்தப் பன்னிரண்டு இலக்கங்களில் எந்தச் செய்தியும் பொதியப்படவில்லை. பிறந்த ஆண்டோ மாவட்டமோ சாதியோ சமயமோ பூர்வீகமோ அதிலிருந்து தெரியாது. கடைசி இலக்கம் முன்னுள்ள பதினொன்றும் சரிதானா என்று சோதிப்பதற்கு மட்டுமே உள்ளது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அந்த மாணவியின் தந்தை பிறந்த நாட்டின் பழைய அடையாள அட்டையை அறிந்தவர்களுக்குப் புரியும். இலங்கையில் 1972 முதல் வழங்கப்பட்ட அட்டையின் எண்ணில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதனோடு ஐந்நூறு கூட்டப்படும். ஈற்றெழுத்து 'வி' என்றால் வாக்குரிமை உள்ளவர், 'எக்ஸ்' என்றால் இல்லாதவர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். எண் பேசாததை மொழி பேசியது. நீண்ட காலம் சிங்களவரின் அட்டையில் சிங்களம் மட்டும் இருக்க, தமிழரின் அட்டையில் இரு மொழிகளும் இருந்தன. போர்க்காலச் சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டிய கணத்திலேயே இன்னார் என்பது தெரிந்துவிடும். அப்படியோர் அட்டைக்கு அஞ்சி ஓடிவந்தவரின் மகளுக்கு, எதையும் காட்டிக்கொடுக்காத ஓர் எண் கிடைத்தது நல்லதுதான்.

ஆனால் அதே சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டம், ஒன்பதாம் பிரிவில், இந்த எண் குடியுரிமைக்குச் சான்றாகாது என்று ஐயத்துக்கிடமின்றி வரையறுத்துவிட்டது. அதில் தவறில்லை. எண்ணுவதும் ஏற்பதும் வெவ்வேறு செயல்கள். எண்ணி முடித்த பிறகு ஏற்பதைப் பற்றி நாம் பேசாமலேயே இருந்துவிட்டோம் என்பதுதான் என் மனக்குறை.

1983 ஜூலை வன்செயலுக்குப் பின் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர் தமிழகத்துக்கு வந்தனர். பலர் திரும்பினர், பலர் மேலைநாடுகளுக்குச் சென்றனர். 2021-இல் தமிழக அரசு சட்டமன்றத்தில் தெரிவித்த கணக்கின்படி ஏறத்தாழ 58,000 பேர் முகாம்களிலும் 34,000 பேர் காவல் நிலையங்களில் பதிந்துகொண்டு வெளியிலும் வாழ்ந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்க்கான திட்டம் அறிவிக்கப்பட்டது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. குடும்பத் தலைவருக்கான மாத உதவி 1,500 ரூபாயாக உயர்ந்தது. சொல் மாறியதை நான் எளிதாக எண்ணவில்லை. சொற்களைக் கற்பித்துப் பிழைப்பவன் அப்படி எண்ண முடியாது. எனினும் 'மறுவாழ்வு' என்ற சொல்லுக்கு ஒரு முடிவிடம் உண்டு. நோயாளி என்றேனும் ஒருநாள் வீடு திரும்ப வேண்டும். இங்கே அந்த நாள் எது என்று எவரும் குறிக்கவில்லை.

செங்கல்பட்டுக்காரனாக இன்னொன்றையும் நினைவுபடுத்த வேண்டும். முகாம் என்ற சொல்லின் கடுமையான பொருளை எங்கள் ஊர் பல ஆண்டுகள் சுமந்தது. வெளிநாட்டவர் சட்டத்தின்கீழ் 'சிறப்பு முகாம்' ஒன்று இங்கே இருந்தது. வழக்கில் பிணை கிடைத்தவர்களும் தண்டனை முடித்தவர்களும்கூட ஓர் அரசாணையின் பெயரால் மதிலுக்குள் வைக்கப்பட்டனர். தங்களை விடுவிக்கக் கோரி அவர்கள் உண்ணாவிரதம் இருந்த செய்திகள் 2012-இலும் வந்தன. ரயில் நிலையத்துக்கும் கொளவாய் ஏரிக்கும் போய்வந்துகொண்டிருந்த நாங்கள் அதைப் பெரிதாகப் பேசவில்லை. அதே காலத்தில், முப்பது கிலோமீட்டர் தொலைவில், கடற்கரைக் கோயிலின் எதிரே வெளிநாட்டுப் பயணியரை மாலையிட்டு வரவேற்றுக்கொண்டிருந்தோம். 'வெளிநாட்டவர்' என்ற ஒரே சொல் இந்த இரண்டு இடங்களையும் ஆண்டது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின்படி, 1987 ஜூலை முதல் நாளுக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கோ, ஒருவர் இந்தியராயிருந்தாலும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருத்தலாகாது. நீண்ட காலம் வசித்தவர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வழியும் உண்டு. அதையும் 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் 'சட்டவிரோதக் குடியேறி'க்கு அடைத்துவிட்டது. கடவுச்சீட்டின்றி வந்தவர் அந்த வரையறைக்குள் வந்துவிடுகிறார். குண்டுவீச்சுக்கு நடுவே படகேறியவர் கடவுச்சீட்டுக்கு எங்கே போவார்? 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் சிறுபான்மையினர்க்கு அந்தத் தடையை நீக்கியது. இலங்கை அப்பட்டியலில் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு பிறப்பித்த ஓர் ஆணை, 2015 ஜனவரி 9 வரை இங்கே புகலடைந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. வரவேற்கத்தக்க ஆணை அது. ஆனாலும் குற்றவாளி அல்லர் என்று சொல்வதோடு அது நின்றுவிடுகிறது. குடிமகன் என்று சொல்லவில்லை.

இவர்களுள் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர். 1948-இல் இலங்கை இவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964-இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. காகித வேலை முடியுமுன் கலவரம் வந்து, ஒப்பந்தத்தின் வழியாக வந்திருக்க வேண்டியவர்கள் அகதிகளாக வந்து இறங்கினர். இத்தகைய 65 பேரின் வழக்கில், 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிவோடு பரிசீலிக்க வழி வகுத்தது. வேறொரு வழக்கில், 1987-க்கு முன் முகாமில் பிறந்த ஒரு பெண் அதே நீதிமன்றத்தின் துணையோடு கடவுச்சீட்டுப் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். ஒவ்வொருவராக நீதிமன்றத்துக்குப் போய்த்தான் இது கிடைக்க வேண்டுமா என்பதே கேள்வி.

மறுதரப்பின் வாதங்களையும் பார்க்க வேண்டும். 2025 மே மாதம், தண்டனைக் காலம் முடிந்த ஓர் இலங்கைத் தமிழரின் மனுவைத் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், உலகெங்குமிருந்து வருவோரைத் தங்கவைக்க இந்தியா ஒரு தர்மசத்திரமன்று என்ற பொருளில் கருத்துரைத்தது. அந்த உவமையை நான் ஏற்கிறேன். சத்திரம் என்பது வழிப்போக்கர் இரண்டொரு நாள் தங்கிச் செல்லும் இடம். நாற்பது ஆண்டுகள் தங்கி, மணம் முடித்து, பிள்ளை பெற்று, அப்பிள்ளையைக் கல்லூரிக்கும் அனுப்பிய பிறகு அந்த இடத்தைச் சத்திரம் என்று எவரும் சொல்வதில்லை. நாம் இவர்களைச் சத்திரத்து ஆட்களாக நடத்துகிறோமே தவிர, இவர்கள் அப்படி வாழவில்லை.

இரண்டாவது வாதம் ஈழ நண்பர்கள் சிலரிடமிருந்தே வருவது. இங்கே குடியுரிமை பெற்றுவிட்டால் அங்கே நிலமும் ஊரும் கேட்கும் உரிமை போய்விடாதா என்கிறார்கள். மதிக்க வேண்டிய கவலை. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் அது மேலும் கனக்கிறது. அதனால்தான் குடியுரிமையைத் திணிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திரும்பிப் போக விரும்புகிறவருக்கு இலங்கைக் குடியுரிமை ஆவணமும் பயணமும் எளிதாக வேண்டும். இருக்க விரும்புகிறவருக்கு, குறிப்பாக இங்கே பிறந்து வேறெந்த ஊரையும் கண்டிராத தலைமுறைக்கு, விண்ணப்பிக்கும் தகுதியாவது வேண்டும். அந்தத் தேர்வு அவர்களுடையது. இன்று அதைச் செய்துகொள்ளும் நிலையில் அவர்கள் இல்லை.

இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் ஒப்பமிடவில்லை. தனக்கென ஓர் அகதிச் சட்டமும் இயற்றவில்லை. ஆதலால் யார், எவ்வளவு காலம், எந்த உரிமையோடு என்பவை அவ்வப்போதைய ஆணைகளுக்கு விடப்பட்டுள்ளன. 182 நாட்களை எண்ணத் தெரிந்த அரசுக்குப் பத்து ஆண்டுகளையும் இருபது ஆண்டுகளையும் எண்ணத் தெரியாதா? இவர்கள் என்று வந்தார்கள், எந்த முகாமில் இருந்தார்கள், யாருக்கு யார் பிறந்தார்கள் என்பதெல்லாம் அரசின் பதிவேடுகளில் உள்ளன. கைரேகையும் கருவிழியும் உள்ளன. எந்நாட்டவரைக் காட்டிலும் இவர்களைப் பற்றித்தான் அரசுக்கு அதிகம் தெரியும். இத்தனை ஆண்டுகள் பதிவோடு வாழ்ந்தவர் விண்ணப்பிக்கலாம் என்ற ஒரு விதி போதும். அதுவரை செய்யக்கூடிய சிறு காரியம், படிவங்களில் மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்ப்பது. அதற்குச் சட்டத்திருத்தம்கூட வேண்டியதில்லை.

ஆண்டுதோறும் பட்டினப்பாலை நடத்துகிறேன். பல தேயத்து மாந்தர், பல மொழி பேசுவோர், புகாரில் கலந்து இனிது வாழ்ந்ததை உருத்திரங்கண்ணனார் பாடும் பகுதி வரும்போது குரலில் ஒரு பெருமிதம் வந்துவிடும். இவ்வாண்டு அந்தப் பாடத்தைச் சற்று விரைவாகக் கடந்தேன். அந்த மாணவி மூன்றாம் வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். உதவித்தொகை விண்ணப்பத்தைத் தாளில் எழுதி, துறைத்தலைவரின் கடிதத்தோடு அனுப்பினோம். நாட்டுரிமை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நெடுநேரம் பேசி, கடைசியில் அவள் பிறந்த ஊரின் பெயரை எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை.