ஷனெல் எந்தப் பெண்களை விடுவித்தார்?

மார்ச் 8 வந்தால் போதும், முத்துமாலையும் தொப்பியுமாக கோகோ ஷனெலின் படம் எங்கட ஆக்களின் ஸ்டேட்டஸில் ஏறிவிடும். பெண்களை விடுதலை செய்தவராம். நாங்கள் கேட்கிறது ஒண்டுதான்: எந்தப் பெண்களை?

கெட்டிக்காரி எண்டதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. 1883இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, தாயை இழந்து, ஊசியைப் பிடித்து மேலே வந்தவர். ஆண்களின் உள்ளாடைக்குப் பாவித்த ஜேர்சித் துணியில் பெண்களுக்குச் சட்டை தைத்தவர். (கோர்செட்டைக் கழற்றிய பெருமையை முழுதாக அவருக்கே குடுக்கேலாது, போல் புவாரே அதை முதலே தொடங்கிவிட்டார்.)

ஆனால் 1936இல் பிரான்ஸ் முழுக்க வேலைநிறுத்தம் நடந்தபோது, பாரிஸ் கம்போன் வீதியில் அவரிடம் வேலை செய்த பெண்களும் இறங்கினார்கள். முதலாளியம்மாவையே உள்ளே விடவில்லை. மூன்று வருசத்தில் யுத்தம் வந்தது. ஷனெல் தையல் பகுதியை இழுத்துப் பூட்டினார். ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை போனது. வாசனைத் தைலக் கடை மட்டும் திறந்தே கிடந்தது. 1936க்குப் பழிவாங்கினார் எண்டு சொல்லுகிற வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள்.

அந்த வாசனைத் தைலக் கொம்பனியில் ஷனெலுக்கு வெறும் 10 வீதப் பங்கு. பெரும்பங்கு வேர்தைமர் சகோதரர்களிடம் இருந்தது. அவர்கள் யூதர்கள், நாஸிகளுக்குத் தப்பி அமெரிக்கா போனவர்கள். யூதர்களின் சொத்தைப் பறிக்கிற சட்டம் அமுலில் இருந்த 1941இல், கொம்பனியைத் தனக்குத் தரச்சொல்லி ஷனெல் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். வேர்தைமர்கள் முன்கூட்டியே பங்குகளை யூதரல்லாத ஒருவரின் பெயருக்கு மாற்றியிருந்ததால்தான் அது சரிவரவில்லை. அந்தக் காலத்தில் அவர் ரிட்ஸ் ஹோட்டலில் ஒரு ஜேர்மன் அதிகாரியுடன் வாழ்ந்தார். ஜேர்மன் உளவுத்துறையின் பதிவில் அவருக்கு ஒரு முகவர் இலக்கமே இருக்கிறது: எஃப்-7124.

"கலையை வேறயாப் பாருங்கோ, ஆளை வேறயாப் பாருங்கோ" எண்டு உடனே ஒரு பதில் வரும். சரி, பார்ப்பம். அந்தக் கடிதம் எந்தக் கலையில் சேர்த்தி? இன்னொண்டு, நீங்கள் பகிருறது சட்டையை இல்லை, ஆளைத்தான். சட்டையைப் புகழுங்கோ, நாங்களும் சேர்ந்து புகழுறம். தன்னிடம் தைத்த பெண்களை வீட்டுக்கு அனுப்பினவரைப் பெண்விடுதலையின் முகமாக்காதேங்கோ.

1936இல் பாரிஸில் வேலைநிறுத்தம் செய்த பெண்களின் படங்கள் இணையத்தில் தேடினால் கிடைக்கும். வாற மார்ச்சில் அதில ஒண்டைப் போடுங்கோவன்.