‘அப்படிச் செய்திருந்தால்…’ எனும் சொல்



காலத்தில் பின்னோக்கிச் சென்று நடந்ததை மாற்றும் கதைகளை நம் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கின்றனர். ‘கற்பனைதானே’ என்று சில பெற்றோர் விட்டுவிடுகின்றனர். ‘கத்ருக்கு முரணானது’ என்று சிலர் தடுக்கின்றனர். இவ்விரண்டையும்விட, அக்கதைகளைப் பற்றிப் பிள்ளைகளுடன் பேசுவதே சிறந்தது என்பேன்.

2015இல் வெளிவந்த ‘இன்று நேற்று நாளை’ திரைப்படத்தில், கால இயந்திரம் கிடைத்த நண்பர்கள் கடந்த காலத்திற்குச் செல்கின்றனர். அவர்களது சிறு குறுக்கீட்டால், காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையாகியிருக்க வேண்டிய ரவுடி ஒருவன் உயிர் தப்புகிறான். பிறகு அவர்களுக்கே ஆபத்தாகிறான். ரே பிராட்பரி 1952இல் எழுதிய சிறுகதையிலோ, தொல்பழங்காலத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி மிதிபட்டதால் நிகழ்காலமே மாறிவிடுகிறது. எது எதனோடு பிணைந்துள்ளது என்பதை மனிதன் அறியான் என்பதையே இக்கதைகள் உணர்த்துகின்றன.

துன்பம் நேர்ந்தால், ‘இப்படிச் செய்திருந்தால்’ என்று கூறாமல், அல்லாஹ்வின் விதி என ஏற்குமாறு நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். அச்சொல் ஷைத்தானின் செயலுக்கு வாசலைத் திறக்கும் என்றும் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இந்த ஹதீஸ் பதிவாகியுள்ளது.

ஆயினும், விடைபெறும் ஹஜ்ஜின்போது, முன்பே அறிந்திருந்தால் குர்பானிப் பிராணியைக் கொண்டுவந்திருக்க மாட்டேன் என்னும் கருத்தில் நபியவர்களே பேசியுள்ளார்கள். அது விதியின்மீதான மனக்குறையன்று, தோழர்களுக்கான வழிகாட்டுதல். எனவே, சொல் ஒன்றே ஆயினும் நோக்கம் வேறு.

2015 டிசம்பர் பெருமழையில் எங்கள் கொரட்டூரிலும் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. ‘பத்திரங்களை மேல்தட்டில் வைத்திருந்தால் நனைந்திராதே’ என்றுணர்ந்து, அடுத்த மழைக்கு முன் அவ்வாறே வைத்தவர் பாடம் கற்றவர். மாறாக, ‘வேறு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றிருந்தால் என் மகன் பிழைத்திருப்பான்’ என்று ஆண்டுகள் பல கடந்தும் தம்மையே தண்டித்துக்கொள்ளும் தாய்மார்கள் நம் மஹல்லாக்களில் உள்ளனர். அவர்களிடம், ‘ஆம், அங்கே சென்றிருக்கலாம்’ என்று நாமும் கூறுவது பெரும் கொடுமை. மறைவானவற்றின் அறிவு நமக்கில்லை. அந்த வேறு பாதை எங்கே முடிந்திருக்கும் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

நம் தவறுகளால் நேர்ந்தவற்றுக்கோ தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது. மனந்திருந்தி, ஈமான் கொண்டு நற்செயல் புரிவோரின் தீமைகளை அல்லாஹ் நன்மைகளாக மாற்றுவான் என்பது சூரத்துல் ஃபுர்கான் தரும் நற்செய்தி. நடந்த நாள் திரும்பாது. அதன் கணக்கு மாறக்கூடும். எந்தக் கால இயந்திரத்தாலும் இயலாதது இது.

கைசேதத்திலிருந்து நம்மைக் காத்து, படிப்பினை பெறுவோராக அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.